பெஞ்சுகளை ஓரங்கட்டிய வகுப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பில் பிள்ளைகள் தூங்குவார்கள். இது பத்தொன்பது வருஷம் மூன்றாம் மாடி வராந்தாவில் நின்று நான் கண்ட உண்மை. பாடம் நடத்துகிறவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவராக இருந்தாலும் சரி, சாம்பார் சாதமும் மின்விசிறியும் கூட்டுச் சேர்ந்தால் அவரைத் தோற்கடித்துவிடும். அதனால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு முதலாண்டு சிவில் வகுப்பிலிருந்து நாற்பது பேர் நடக்கிற சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம் வந்தது.

நான் அங்கே அட்டெண்டர். பொத்தேரியில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே, ஒரு ஊரையே உள்ளே வைத்துக் கட்டின மாதிரி, அந்த அளவுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தை நினைத்துவிடாதீர்கள். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் நான்கு கட்டடம், ஒரு கேன்டீன், வரிசையாக மஞ்சள் பஸ்கள். அவ்வளவுதான். நான் பத்தாவதில் தவறியவன். கல்யாணம் ஆகும் வரை கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் கரைவலை இழுத்தேன். படித்ததெல்லாம் வேலைக்கு வந்த பிறகு, அழிக்காமல் விட்டுப் போன போர்டுகளைப் பார்த்துத்தான். அரைகுறையாகப் போர்டில் நின்ற கணக்குகளின் மீதிப் பாதியை நானே யோசித்துக்கொள்வேன். பாதி நாள் தப்பாக இருக்கும். அதைத் தப்பென்று சொல்ல ஆள் இல்லாததால் நிம்மதியாக இருந்தேன்.

கதவில் ஒரு ஜாண் அகலத்துக்குக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம். நடுவில் வெறும் தரை. புதிதாக வந்த மேடம் கை தட்டுகிறார். எல்லோரும் ஒரு சுற்று நடந்து முடித்திருந்தார்கள் போல, இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பையன் மட்டும் ஒரு டைல் தாண்டி நடக்கிறான். பிறகு தட்டுக்கு இரண்டு டைல், அப்புறம் மூன்று. கடைசியில் சுவரில் போய் மோதாமல் இருக்க அவன் கையை முன்னால் நீட்டியதும் வகுப்பே சிரித்தது. இரண்டு பெண்கள் அவன் கால் பட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். வேகமாம், முடுக்கமாம்.

வகுப்பு முடிந்ததும் பெஞ்சுகளை யார் திரும்பப் போடுவது என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். பிள்ளைகளே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். என் சந்தேகம் இரண்டு மடங்கு ஆனது. பதினெட்டு வயசுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமல் பெஞ்சு தூக்குகிறார்கள் என்றால் உள்ளே வேறு என்னவோ நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

கேன்டீன் அக்காவிடம் சொன்னேன். அவர் வடையை எண்ணெயில் திருப்பிக்கொண்டே, "எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மாவா ஓடும் அண்ணாத்த?" என்றார். இந்தப் பழமொழியை அவர் எதற்கு வேண்டுமானாலும் சொல்வார். மழை வந்தால்கூடச் சொல்வார். ஆனால் அன்றைக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், "பாடம் தெரியாதவங்கதான் பசங்கள எழுப்பி ஆட வுடுவாங்க. ஆடுற வரைக்கும் எவனும் கேள்வி கேக்க மாட்டான் பாரு" என்றார்.

"அப்பிடிச் சொல்லாத. குந்தித் தின்னா குன்றும் கரையும்னு சொல்லிக்கீறாங்க. எழுந்து நடக்கட்டுமே, இன்னா இப்ப?" என்று அக்கா உடனே கட்சி மாறினார்.

அந்த மேடம் மதுராந்தகத்துக்காரர். காலையில் ரயிலில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து எங்கள் பஸ்ஸைப் பிடிப்பார். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். பருவம் முடியும்போது துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தால் நிரந்தரம். எழுதாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "இங்கயும் போச்சுன்னா எங்கப்பா நெல்லு மண்டியில மூட்டைக்குச் சீட்டு எழுதிகினு குந்த வேண்டியதுதான் அக்கா. அவரு இப்பவே நாற்காலி போட்டு வெச்சிருக்காரு" என்று கேன்டீனில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். சிரித்தாலும் அந்த நாற்காலிமேல் அவருக்கு இருந்த பயம் முகத்தில் தெரிந்தது.

அடுத்த வாரம் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். போனேன். "உக்காருப்பா" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டேன்.

"மூணாவது மாடியில இன்னா நடக்குது?"

"கிளாஸ் நடக்குது சார்."

"அது தெரியும். பக்கத்து ரூம் கணக்கு புரொபசர் சத்தம் தாங்கலன்றாரு. சர்க்கஸ்னு சொல்றாரு. நீ சும்மா பாத்துக்கோ. பாத்தத எங்கிட்ட வந்து சொல்லு. அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? அவருடைய மச்சினியின் பெண் ஒருத்தி எம்.டெக். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்ற செய்தியும் பஸ்ஸில் வந்திருந்தது. அது உண்மையோ, டிரைவர் கட்டிவிட்ட கதையோ, அதுவும் சந்தேகம்தான். ஆனால் நான் பார்த்தேன், போய்ச் சொல்லவும் செய்தேன். இதை மறைத்து எழுதினால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக நிறுத்தியிருந்தார். முதலில் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய வேண்டும். பிறகு கை கோத்துப் பின்பக்கமாகச் சாய வேண்டும். பாலத்தில் ஒரு கம்பி நசுங்குகிறதும் ஒரு கம்பி இழுபடுகிறதும் இப்படித்தான், உங்கள் தோளில் எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே போய், "கை கோத்துகினு நிக்கிறாங்க சார்" என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. துறைத் தலைவர் அதை எழுதிக்கொண்டார். பேனா நகர்வதைப் பார்த்தபோதே, பாலம், கம்பி என்று மீதியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

கயிற்றுப் பாடம் நடந்த அன்று வருகைப் பதிவேடுகளைக் கொடுக்க ஆபீசுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. வெக்கைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். தரையில் சாக்பீஸ் வட்டம். வட்டத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு இரும்பு வளையம். அதிலிருந்து மூன்று பக்கமும் மூன்று கயிறு, கயிற்றுக்கு ஐந்து பேர். மூன்று பக்கமும் உயிரைக் கொடுத்து இழுக்கிறார்கள். வளையம் மட்டும் அசையவில்லை. மேடம் ஜன்னல் பக்கம் குனிந்து, பெரிய மரக் கோணமானியை வைத்துக் கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவில் அளந்துகொண்டிருந்தார். முதுகு என் பக்கம்.

ஜெயிக்கிறவனே இல்லாத ஒரு கயிறு இழுக்கும் போட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைவிட, அவர்கள் இழுத்த இழுவைதான் எனக்குத் தாங்கவில்லை. கதவுப் பக்கம் கயிற்றின் கடைசியில் நின்ற ஒல்லிப் பையன், ஆத்தூர்ப் பக்கத்து விடுதிப் பிள்ளை, வெறும் கையால் இழுத்துக்கொண்டிருந்தான். கயிறு வழுக்கி வழுக்கி உள்ளங்கை சிவந்துவிட்டது. எங்கள் கரையில் யாராவது அப்படி இழுத்தால் பெண்கள்கூடச் சிரிப்பார்கள்.

வாய் சும்மா இருக்குமா? "தம்பி, கையால இழுத்தா தோலு பூடும். இடுப்புல போடு" என்றேன். சொன்னதோடு நின்றேனா? இரண்டு எட்டு உள்ளே போய், கயிற்றின் மீந்த முனையை அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, கரைவலைக்காரன் போடுகிற மாதிரி ஒரு சுருக்குப் போட்டுக் கயிற்றோடு மாட்டிவிட்டேன். "இப்ப பின்னால குந்துற மாதிரி சாய். காலு நேரா ஊணு." சாய்ந்தான். வளையம் எங்கள் பக்கமாக இரண்டு விரற்கடை நகர்ந்தது. "அண்ணா, செமண்ணா!" என்று பல்லைக் காட்டினான். நான் வராந்தாவுக்குத் திரும்பிவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

மேடம் நிமிர்ந்தார். "ஜன்னல் பக்கம், விடு!" என்றார்.

ஜன்னல் பக்கத்து ஐந்து பேரும் கயிற்றை விட்டார்கள். இது முதலிலேயே பேசி வைத்தது. ஒரு பக்கம் விட்டால் வளையம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டுவதற்காக. அதனால்தான் கையால் மட்டும் பிடிக்க வேண்டும், முழங்காலை மடக்கியே வைத்திருக்க வேண்டும் என்று முதல் பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷம் நான் ஆபீசில் இருந்தேன். மற்றவர்கள் ஒரு எட்டுப் பின்வாங்கி நின்றுகொண்டார்கள். இந்தப் பிள்ளை மட்டும், சாய்ந்த உடம்பைத் தாங்க எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லாமல், அப்படியே மல்லாந்து விழுந்தான். ஊன்றின கை அவனுக்கு அடியில் போனது. மணிக்கட்டு.

எங்கள் கரையில் இந்தச் சுருக்குப் போட்டு யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. அங்கே எதிர்ப்பக்கம் இழுப்பது கடல். கடல் 'விடு' என்றால் விடாது. விழுந்தாலும் மணல்தான். டைல் போட்ட தரையில், எதிர்ப்பக்கம் மனுஷன் நிற்கிற இடத்தில், இந்தப் புத்தியை நான் எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது.

செங்கல்பட்டில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பையனுடைய அப்பா வந்து துறைத் தலைவர் அறையில் சத்தம் போட்டார். விசாரணை என்று அறிவிப்பு வந்தது. துறைத் தலைவர், பக்கத்து அறைக் கணக்குப் பேராசிரியர், நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, இவர்கள் மூன்று பேர். மேடத்தின் வேலை நிலைக்குமா என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கப்புறம் பத்து நாள் நடந்தது என்ன தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒருவரும் என் பேரை எடுக்கவில்லை. விடுதிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பையனைப் பார்த்தேன். "வழுக்கிட்டேன்னு சொல்லிட்டேண்ணா, ஃப்ரீயா வுடுங்க" என்றான். ஏன் இப்படிச் சொல்கிறான்? எவன் சொல்லிக் கொடுத்தான்? மேடம் எதிரே வந்தால், "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்பார். இத்தனை மாசத்தில் கேட்காத நலத்தை இப்போது ஏன் கேட்கிறார்? விசாரணை அன்றைக்கு என்று பத்திரமாக என் பேரை எடுத்து வைத்திருக்கிறாரோ? அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துப் போனால்கூட என்னைப் பார்க்காமல் இருக்கத்தான் என்று தோன்றியது.

வீட்டில் என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள், மூன்றாம் நாள் கேட்டாள். "இன்னாய்யா, முள்ளு தொண்டையில மாட்டிகினா மாதிரி மூஞ்சிய வெச்சுகினு கீற?" சொன்னேன். "மடியில கனம் கீது, வழியில பயம் கீது. எறக்கி வெச்சிட்டு வா" என்றாள்.

"வேலை போச்சுன்னா?"

"வலை எங்கியும் போவல. நாஸ்தா துண்ணுட்டுக் கெளம்பு."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மேடம் தனியாக நின்றார். கிட்டே போனேன்.

"மேடம், என் பேர நாளைக்குத்தான் சொல்லப் போறீங்களா?"

"எந்தப் பேர?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க மேடம். அந்தப் பையன் இடுப்புல சுருக்கு போட்டது நான்தான்னு."

அவர் பையைக் கீழே வைத்தார். "அது… அவனாப் போட்டுக்கலியா?"

தவளை தன் வாயால் கெடும் என்று சொன்னவன் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"பத்து நாளா தூக்கமில்ல எனக்கு" என்றார் மேடம். "கையாலதான் புடிக்கணும்னு அழுத்திச் சொன்னேனா, அவனுக்குக் கேட்டுச்சா, நான் ஏன் பாக்கலன்னு அதையே போட்டு உழப்பிகினு கீறேன். நீங்க இன்னாடான்னா…" பஸ் வந்துவிட்டது. மீதியைச் சொல்லாமலே ஏறிப் போய்விட்டார்.

ஆக, தெரியாதவருக்கு நானே தெரிவித்துவிட்டேன். இனி நாளைக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பிப்பார், நான் மாட்டுவேன். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்வேனா? சொல்வேன். அப்படியென்றால் அவரும் சொல்வார். சொல்வதற்குள் நாமே முந்திக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். நான் உண்மையைச் சொன்னது இந்தக் கணக்கினால்தான். பிறகு கேன்டீனில் என்னை அரிச்சந்திரன் என்று கூப்பிட்டார்கள். நான் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த மாடி அட்டெண்டர் என்பதால் விசாரணையில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சொன்னேன். சுருக்குப் போட்டது நான், மேடத்துக்குத் தெரியாது, அவர் முதுகைத்தான் பார்த்தேன் என்று. துறைத் தலைவர் சிரித்தார். மேடத்தை உள்ளே அழைத்தார்கள். "சுருக்கு போட்டது யாருன்னு நான் பாக்கல. பாக்காதது என் தப்பு. அந்த அறையில நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு" என்றார் அவர். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நேத்து சாயந்தரம் பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் பேசிகினு இருந்தீங்களாமே?" என்றார் துறைத் தலைவர். "இன்னா பேசி வெச்சீங்க? இவரு பழிய ஏத்துக்கணும், நீங்க நல்லவங்களா நிக்கணும், அதானே?" பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். "இவரே போன மாசம் இன்னா சொன்னாரு தெரியுமா? 'கை கோத்துகினு நிக்கிறாங்க சார்.' இன்னிக்கு மட்டும் உங்களுக்காகப் பேச வந்துட்டாரு."

அப்போதுதான் மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் சொல்லக்கூடிய பழமொழி ஒன்றும் இல்லை.

கணக்குப் பேராசிரியர் குறுக்கிட்டார். "எனக்கு ஒண்ணு புரியல. இடுப்புல கட்டினா இன்னா, கையால புடிச்சா இன்னா? எதிர்ல வுட்டா ரெண்டு மாதிரியும்தானே விழணும்?"

நான் விளக்கினேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்று நினைத்திருந்தவன். இடுப்பு, சாய்வு, மணல், கடல் என்று நான் பேசப் பேச அந்த மூன்று முகங்களும் கெட்டிப்பட்டுக்கொண்டே போயின. கடைசியில் பொறுக்காமல், "சார், கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன்.

சாட்சிக்கென்று அந்தக் கயிற்றை மேஜைமேல்தான் வைத்திருந்தார்கள். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். அவர் இழுத்தார், நான் இழுத்தேன். சட்டென்று தளர்த்தினேன். ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். "விழலியே" என்றார். இப்போது அவர் இடுப்பில் சுருக்கைப் போட்டேன். "சாயுங்க சார். இன்னும். காலு நேரா." சாய்ந்தார். கனத்த மனுஷர். நான் குதிகாலை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறுவதை ஒரு முழத்தில் இருந்து பார்த்தேன்.

"இப்ப வுட்டா இன்னா ஆவும் சார்?"

"யோவ், வுட்டுடாதே! வுட்டுடாதேய்யா! புடி!"

நிர்வாகத்து அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே மேடம் ஓடிவந்து பேராசிரியர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார். "முழங்கால மடக்குங்க சார், மெதுவா. எடைய முன்னால கொண்டாங்க. ஆங், அவ்வளவுதான்." அவர் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார். சுருக்கை அவிழ்க்கக்கூட இல்லை. மேடத்தைப் பார்த்துக் கேட்டார்: "அந்த வளையம் அசையாம நின்னுச்சாமே, மூணு பக்கமும் சமமா இழுத்தாத்தான் நிக்குமா?"

"சமமா வேணாம் சார். ரெண்டு பக்கம் சேந்து இழுக்கிறதுக்கு மூணாவது பக்கம் ஈடு குடுத்தாப் போதும்."

"கோணத்தையும் மாத்திப் பாத்தீங்களா?"

"அதைத்தான் அளந்துகினு இருந்தேன்."

துறைத் தலைவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். காகிதத்தை மடித்துப் பைலுக்குள் வைத்தார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. மூன்றில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்ததால் மேடத்துக்கு வேலை நிரந்தரம். வகுப்பில் கயிறு பயன்படுத்தக் கூடாது. எனக்கு ஒரு மெமோ. என் பணிப் பதிவேட்டில் அதுதான் முதல் கறை. உத்தரவின் நகலை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு எளிதாக விட்டுவிட்டார்களே, எங்கே கொக்கி வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். அகப்படவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மேடம் ஒரு பெரிய துணிப்பையோடு வந்தார். உள்ளே மூன்று பழைய நூல் புடவைகள். பிள்ளைகள் அவற்றை முறுக்கி வளையத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகில் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்க்க வெட்கமாக இருந்ததால், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆர்டர்ல கயிறுன்னுதான் போட்டிருக்கு அண்ணா" என்றார் மேடம். "இதையும் போய்ச் சொல்லுவீங்களா?"

சிரித்தாரா, இல்லையா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "இல்ல மேடம்" என்றேன். என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

"அப்ப உள்ள வாங்க. ஒரு பக்கத்துக்கு ஆள் கொறையுது. முழங்கால மடக்கி நில்லுங்க."

உள்ளே போனேன். ஆள் குறைகிறது என்று கூப்பிட்டாரா, அல்லது கூடவே நின்று இழுத்தவன் வெளியே போய்ச் சொல்ல முடியாது என்று கூப்பிட்டாரா என்று யோசித்துக்கொண்டே புடவை முனையைப் பிடித்தேன். மாவுக்கட்டோடு அந்த ஒல்லிப் பையன் மேஜைமேல் உட்கார்ந்து, "அண்ணா, இடுப்புல போடலியா?" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கென்று பார்க்கலாம் என்று நான் தலையைத் திருப்புவதற்குள் மற்ற இரண்டு பக்கமும் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.